நத்தை சாரின் பச்சைக் கோப்பு

நீர் வழங்கல் துறையில் இருபத்தாறு ஆண்டுகளாக எழுத்தராக இருந்து, அதற்கு மேல் ஓர் அங்குலம் உயராமலும் அதற்குக் கீழே ஓர் அங்குலம் இறங்காமலும் தன் நாற்காலியின் மட்டத்தைக் கட்டிக் காத்தவரை, அலுவலகத்தில் எல்லோரும் நத்தை சார் என்றுதான் அழைத்தார்கள். வேலை செய்யும் வேகத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதுவும் பொருந்தாமல் இல்லை. ஆனால் காரணம் வேறு. நத்தை எங்கே போனாலும் வீட்டை முதுகில் தூக்கிக்கொண்டு போகும். இவர் எந்தப் பிரிவுக்கு மாற்றலாகிப் போனாலும் தன் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவார்.

இதைத் திருட்டு என்று யாராவது சொல்லியிருந்தால் நத்தை சார் அன்று முழுவதும் சாப்பிட்டிருக்க மாட்டார். அவர் எதையும் திருடவில்லை. போன இடத்து டிஸ்க்கைக் கழற்றி, பழைய இடத்துப் பெட்டியில் மாட்டிவிட்டுத்தான் வருவார். அலுவலகத்தில் பொருளுக்குப் பொருள் சரியாக இருந்தது. அவர் பார்வையில் ஒவ்வொரு மாற்றல் உத்தரவிலும் அவருடையதும் டிஸ்க்குடையதுமாக இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும். தட்டச்சு செய்தவர் ஒன்றை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். கடைசி நாள் மதியம், மற்றவர்கள் கை கழுவப் போயிருக்கும்போது, மேஜையடியில் மண்டியிட்டு சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைத் திறப்பார். நான்கு திருகாணிகளும் தீப்பெட்டிக்குள் போகும். டிஸ்க் ஒரு கைத்துண்டில் சுற்றப்பட்டு, டிபன் கேரியரின் அடித்தட்டில், வழக்கமாகச் சோறு இருக்கும் இடத்தில் உட்காரும். துறை அந்தப் பெட்டிகளை எல்லாம் ஒரே டெண்டரில் வாங்கியிருந்ததால் அவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள். டிஸ்க்கை எதில் மாட்டினாலும், தூக்கத்திலிருந்து எழுந்த விருந்தாளி மாதிரி ஒரு நிமிடம் விழிக்கும். புதிய சாதனம் கண்டுபிடிக்கப்பட்டது என்று முணுமுணுக்கும். ஒரு தடவை அணைந்து எரியும். பிறகு அதே திரை. அதே அருவிப் படம். அதே 'பொது', 'பொது-2', 'மிகவும் பொது' கோப்புறைகள். குப்பைத்தொட்டி மட்டும் வலது கீழ்மூலையில் இருக்கும். குப்பைத்தொட்டி காலருகில்தான் இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியானவர். பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு பிரிவுகள் மாறினார். ஜன்னலுக்கு வெளியே காட்சி மாறியதே தவிர விண்டோஸுக்கு உள்ளே ஒரு துரும்பும் அசையவில்லை.

இதில் ஒரு விபரீதம் சத்தமில்லாமல் நடந்தது. அலுவலக வேலை என்பது நாற்காலியோடு ஒட்டியது. ஆள் போனால் அடுத்த ஆள் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்ய வேண்டும். நத்தை சார் விஷயத்தில் வேலை நாற்காலியை விட்டு இறங்கி டிஸ்க்கோடு நடக்கத் தொடங்கிவிட்டது. பம்ப் ஹவுஸ் தினக்கூலிகளின் வருகைப் பட்டியல் அப்படித்தான் அவரோடு வந்தது. தினமும் பம்ப் ஹவுஸிலிருந்து ஒரு சீட்டு வரும். அதைப் பார்த்து, ஆஜர் என்பதற்கு 'ஆ' என்று ஒரு கட்டத்தில் அடிப்பார். பிறகு சீட்டு பதிவறைக்குப் போய்விடும். அவர் வரி வசூலுக்கு மாறியபோது சீட்டுகள் அங்கே வந்தன; புகார்ப் பிரிவுக்கு மாறியபோது அங்கேயும் வந்தன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்தவர் வேலை தன் மேஜைக்கு வராதவரை யாருமே எதையும் கேட்பதில்லை என்பது அத்துறையின் எழுதப்படாத விதி.

எழுதப்பட்ட விதி ஒன்றும் இருந்தது. பச்சை மையில் எழுதும் உரிமை அதிகாரிகளுக்கு மட்டுமே. எழுத்தர் நீலத்தில் எழுதலாம், கறுப்பில் எழுதலாம். பச்சைப் பேனாவைச் சட்டைப் பையில் செருகியிருப்பதே எகத்தாளமாகக் கருதப்பட்டது. நத்தை சார் பதவி உயர்வுப் பட்டியலில் மூன்று முறை கடைசிப் பெயராக இருந்தார்; மூன்று முறையும் பட்டியல் அவருக்கு முந்தின பெயரோடு நின்றுவிட்டது. அந்த மூன்றாவது முறைக்கு மறுவாரம், ஒரு கோப்பின் மேல் வலதுபக்கச் சொடுக்கு வைத்து, எதையோ தேடப் போய் எதற்குள்ளோ நுழைந்து, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது போல் தோன்றிய ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். 'சரி' என்பதையும் அழுத்தினார். கோப்பின் பெயர் பச்சையாக மாறியது.

நத்தை சார் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். யாரும் ஓடிவரவில்லை. திரையில் பச்சை கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. அன்று மாலைக்குள் முக்கியமான கோப்புகள் அனைத்தும் பச்சையாகிவிட்டன. திறந்தால் வழக்கம்போல் திறந்தன. மூலையில் ஒரு சிறு பலூன் மட்டும் அடிக்கடி எழுந்து, 'சாவியின் நகல் ஒன்றைப் பத்திரப்படுத்தி வைக்கவும்' என்று விண்ணப்பிக்கும். லீவு கேட்டு வரும் கீழ்ப்பணியாளரைக் கையசைத்து அனுப்பும் அதிகாரியின் தோரணையில், பெருக்கல் குறியை அழுத்தி அதை அனுப்பிவைப்பார். அவருக்குக் கீழே வேறு பணியாளர் யாரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எட்டு ஆண்டுகள் இப்படிப் பச்சையாகவே போயின. பிறகு அவரைத் தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள்.

திங்கட்கிழமை மதியம் புதுப் பெட்டியைத் திறந்தவர் அதிர்ந்துபோனார். உள்ளே டிஸ்க் என்று ஒன்றும் இல்லை. சூயிங்கம் பட்டை போல் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பதிலுக்குப் பதில் கொண்டுபோய் மாட்டுவதற்கு அது எந்த வகையிலும் உதவாது. ஆகவே, பழைய பிரிவில் அவர் விட்டுவந்த பெட்டி வயிறு காலியாகவே கிடக்கும். அந்த உறுத்தலை ஒதுக்கிவைத்துவிட்டு, பட்டையைக் கழற்றித் தன் டிஸ்க்கை அங்கே தொங்கிய ஒரு கேபிளில் மாட்டினார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: தொடங்குவதற்கு ஏற்ற சாதனம் எதுவும் இல்லை.

பன்னிரண்டு ஆண்டு சர்வீஸ் உள்ள ஒன்றைப் பார்த்து ஒரு பெட்டி இப்படிச் சொல்லும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கழற்றித் துடைத்து மாட்டினார். ஊதி மாட்டினார். செவ்வாய்க்கிழமையும் மாட்டினார். வீட்டுக்குப் போய் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்.

"ஏங்க, யாராவது தவறிட்டாங்களா?" என்றார் மனைவி.

"டிஸ்க் எழுந்திரிக்க மாட்டேங்குது."

"நான் என்னமோன்னு பயந்துட்டேன். போன வருஷம் எனக்கு முட்டி பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்க முடியாமக் கிடந்தேனே, அப்போகூட உங்க முகம் இப்படி ஆகல. பேசாம அதையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க."

"விளையாடாதே. என் வேலை முழுக்க அதுலதான் இருக்கு."

"அப்போ டிபன் கேரியரோட அடித்தட்டைக் குடுத்துட்டு நீங்களும் அதுவும் பேசிக்கிட்டிருங்க. மூணு நாளா சோறு வைக்க இடமில்ல."

அதுவரை அது அவருடைய சொந்தத் துக்கம். அருவிப் படமும் குப்பைத்தொட்டியும் போன துக்கம். புதன்கிழமை மதியம் மூன்றரைக்கு ஒரு போன் வந்தது; அது வேறொருவருடையதாகவும் ஆனது.

"சார், நான்தான். மோட்டாரு."

பம்ப் ஹவுஸில் மோட்டார் போடும் பெண்ணை எல்லோரும் மோட்டாரம்மா என்பார்கள். அவரும் தன்னை அப்படியே சொல்லிக்கொள்வார். பட்டியலில் தொடக்கத்தில் ஏழு பெயர்கள் இருந்தன. மற்ற ஆறு பேரும் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர் இவர் ஒருவர்தான்.

"சொல்லும்மா. சத்தம் ஜாஸ்தியா இருக்கு, ஆஃப் பண்ணிட்டுப் பேசு."

"ஆஃப் பண்ணா ஊரே என்னைப் பேசும் சார். நீங்க காதை நல்லா வெச்சுக் கேளுங்க. பத்து வருஷம் முடிச்சவங்களை நிரந்தரம் பண்றாங்களாம். வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள பத்து வருஷ ஆஜர் லிஸ்ட்டு தலைமை ஆபீஸ்ல குடுக்கணுமாம். பழைய செக்‌ஷன்ல கேட்டா, அது நத்தை சார்கிட்ட இருக்கும்னு சிரிக்கிறாங்க."

"அடுத்த தடவை..." என்று தொடங்கினார் நத்தை சார்.

"அடுத்த தடவையா? இதுக்கு முந்தி நிரந்தரம் பண்ணி பதினோரு வருஷமாச்சு. எனக்கு வர்ற மாசம் நாப்பத்தஞ்சு முடியுது. அதுக்கப்புறம் தலைகீழா நின்னாலும் கிடையாதாம். லிஸ்ட்டு இருக்குல்ல சார்?"

"இருக்கு" என்றார். அது பொய்யில்லை. மேஜை இழுப்பறையில் கைத்துண்டுக்குள் இருந்தது.

பதிவறைக்குப் போய்ப் பழைய சீட்டுகளைத் தேடலாமே என்றால், அதற்கும் வழியில்லை. போன வருடம் துறையின் சொந்தக் குழாயே வெடித்துப் பதிவறையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வரவில்லை என்று பொதுமக்கள் எழுதிய புகார்க் கடிதங்கள்தான் முதலில் நனைந்தன. தினச் சீட்டுகள் அடுத்து நனைந்து கூழாகி, கூழாகவே அள்ளிக் கொட்டப்பட்டன. ஒரு பெண் பத்து ஆண்டுகள் வேலைக்கு வந்தார் என்பதற்கு உலகத்தில் எஞ்சியிருந்தது அந்தப் பச்சைக் கோப்பு ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை, ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் மேடத்தின் அறைக்குப் போனார். அந்த அம்மாள் டிஸ்க்கை வாங்கி எடை பார்ப்பது போல் கையில் வைத்துப் பார்த்தார்.

"இதை எங்க சார் தோண்டி எடுத்தீங்க?"

"என்னோடதுதான். எழுந்திரிக்க மாட்டேங்குது."

"புதுப் பெட்டிக்கு இந்தக் காலத்து டிஸ்க்கை எழுப்பத் தெரியாது சார். ஆனா எழுப்பணும்னு இல்லையே. பென் டிரைவ் மாதிரி வெளியில சொருகி, வேண்டியதை எடுத்துக்கலாம்."

நத்தை சாருக்கு உயிர் வந்தது. கேபிளைச் சொருகியதும் 'மிகவும் பொது' திரையில் தெரிந்தது. அதற்குள் பம்ப் ஹவுஸ் பட்டியலும் தெரிந்தது. மேடம் அதைச் சொடுக்கினார். அனுமதி மறுக்கப்பட்டது என்றது கம்ப்யூட்டர். இன்னொரு தடவை சொடுக்கினார். இன்னொரு தடவை மறுத்தது.

"பூட்டுப் படம் போட்டிருக்கே. நீங்களா பூட்டினீங்க?"

"நான் எதையும் பூட்டலையே. பச்சையா மாத்தினேன், அவ்வளவுதான்."

"பச்சையா?"

நத்தை சார் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பச்சையின் வரலாற்றைத் தணிந்த குரலில் சொன்னார். சிஸ்டம் மேடம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. நெற்றியை இரண்டு விரலால் தேய்த்துக்கொண்டு கேட்டார்: "எட்டு வருஷமா உங்க ரகசியத்தை எல்லாம் பூட்டி வெச்சிருக்கீங்க. அந்தக் கலருக்காகவா?"

"ரகசியம்னு ஒண்ணும் இல்லம்மா. தண்ணி மீட்டர், லீவு லெட்டர், அதுதான்."

"சாவியை நகல் எடுத்து வைக்கச் சொல்லி அப்பப்போ கேட்டிருக்குமே?"

"கேக்கும். அனுப்பிடுவேன்."

"சரி, கேளுங்க. சாவி இந்த விண்டோஸுக்கு உள்ளேயே இருக்கு. அது எழுந்து, நீங்க உங்க பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனாத்தான் பூட்டு திறக்கும். எழுப்பணும்னா பழைய பெட்டி ஒண்ணு வேணும். நீங்க கடைசியா வெச்சிருந்தது எங்க இருக்கு?"

பழைய பிரிவுக்குப் போன் போட்டுக் கேட்டதில், அந்தப் பெட்டி செவ்வாய்க்கிழமையே இறந்துவிட்டதாகத் தெரிந்தது. அவர் போன பிறகு யாரோ ஆன் செய்து பார்த்திருக்கிறார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. வயிற்றில் டிஸ்க் இருக்கிறதா என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. 'பழுது நீக்க இயலாதது' என்று எழுதிக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். இருபத்தாறு ஆண்டுகளில் அந்தத் துறை இவ்வளவு வேகமாக எதையும் செய்து நத்தை சார் பார்த்ததில்லை.

கிடங்கு, தலைமை அலுவலகத்தின் தரைக்கு அடியில் இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு அவர் இறங்கிப் போனபோது மோட்டாரம்மா ஏற்கெனவே அங்கே கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். அரை நாள் மாற்று ஆள் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"போன்ல நீங்க 'இருக்கு'ன்னு சொன்ன தினுசு சரியில்ல சார். அதான் வந்துட்டேன். சிஸ்டம் மேடம் கீழே போகச் சொன்னாங்க."

ஸ்டோர் கீப்பர் மின்விசிறிக்கு எதிரே சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். சுவரை ஒட்டி நாற்பது ஐம்பது சிபியுக்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லாம் அந்த ஒரே டெண்டர்க் குடும்பம்.

"வாங்க நத்தையாரே. வீட்டை எங்க, முதுகுலயா, கேரியர்லயா?"

"அண்ணே, ஒரு பெட்டி வேணும். ரெண்டு மணி நேரத்துக்கு."

"கழிச்சுக் கட்டினதை வெளியே எடுக்கணும்னா இண்டென்ட் ஃபாரம் மூணு காப்பி. அதிகாரி கையெழுத்து. அவர் திங்கட்கிழமைதான் வருவார்."

"நாளைக்கு மத்தியானம் கெடு அண்ணே."

"ஐயோ பாவம். திங்கட்கிழமை வாங்க."

மோட்டாரம்மா வாளியிலிருந்து எழுந்தார். "அண்ணாச்சி, வெளியே எடுக்கத்தானே கையெழுத்து? இங்கயே வெச்சுப் போட்டுப் பாத்தா?"

ஸ்டோர் கீப்பர் யோசித்தார். முப்பது ஆண்டுகளாக விதிகளை எதிர்த்திசையில் மட்டுமே படித்துப் பழகியவர். இந்தப் பக்கத்திலிருந்து யாரும் அவருக்குப் படித்துக் காட்டியதில்லை. "உள்ளே வெச்சு ஆன் பண்ணக் கூடாதுன்னு எங்கயும் இல்லதான்" என்றார் மெதுவாக. "ஆனா பிளக் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுல என் ஃபேன் ஓடுது."

"நான் விசிறி விடறேன்" என்றார் மோட்டாரம்மா. சொன்னபடியே ஓர் அட்டையை எடுத்து விசிறத் தொடங்கினார். ஸ்டோர் கீப்பருக்கு வெட்கமாகிப் போய் அட்டையைப் பிடுங்கித் தானே விசிறிக்கொண்டார்.

முதல் பெட்டி மூன்று முறை கத்திவிட்டு அடங்கியது. இரண்டாவதைத் திறந்தபோது ஒரு கரப்பான்பூச்சிக் குடும்பம் இடம் மாறிப் போனது. மூன்றாவதில் வாசனையோடு கொஞ்சம் புகை வந்தது. நான்காவதில் டிஸ்க்கை மாட்டி நத்தை சார் பொத்தானை அழுத்தியபோது, பன்னிரண்டு ஆண்டுகளாகக் காதுக்குப் பழகிய அந்தக் கிர்ர் சத்தம் கேட்டது. அவருக்குக் கண் கலங்கியது. புழுதி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

புதிய சாதனம் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு தடவை அணைந்து எரிந்தது. பாஸ்வேர்டு கேட்டது. கிடங்கில் ஒரு மானிட்டரோடு கிடைத்த கீபோர்டில் பாதி எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. விசை இல்லாத குழிகளில் பேனாவின் பின்பக்கத்தை விட்டு அமுக்கி, இரண்டு முறை தவறாகி, மூன்றாம் முறை உள்ளே போனார். ஆனால் அருவி இல்லை. திரை கறுப்பாக இருந்தது. ஓரத்தில் ஒரு வரி: இந்த விண்டோஸ் அசலானது அல்ல.

"என்ன சார் சொல்லுது?" என்றார் மோட்டாரம்மா.

"பெட்டி மாறினதால சந்தேகப்படுது. நிஜமான ஆள் இல்லைங்குது."

"பன்னெண்டு வருஷம் வேலை வாங்கிட்டா? அதுவும் தினக்கூலிதான் போல."

பெட்டிக்குள் மின்கலம் செத்திருந்ததால் தேதியும் மோட்டாரம்மா வேலைக்குச் சேர்வதற்கு ஒரு வருடம் முன்னால் நின்றது. ஆனால் 'மிகவும் பொது' திறந்தது. உள்ளே பட்டியல் பச்சையாக நின்றது. நத்தை சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொடுக்கினார். திறந்துகொண்டது. கட்டம் கட்டமாக, வரி வரியாக, ஆ, ஆ, ஆ, ஆ.

"இவ்வளவு நாளா வந்திருக்கேன்!" என்றார் மோட்டாரம்மா, யாருடைய பட்டியலையோ பார்க்கிறவர் போல.

நத்தை சார் பக்கம் பக்கமாக இறக்கிக்கொண்டே வந்தார். ஆறாம் ஆண்டில் கை நின்றது. வரிசையாக ஒன்பது கட்டங்கள் காலியாக இருந்தன.

அவருக்கு உடனே நினைவு வந்தது. வராமல் எப்படி இருக்கும்? அந்த ஒன்பது நாட்களும் அவர் மூலத்துக்கு அறுவைசிகிச்சை செய்துகொண்டு, விடுப்பு விண்ணப்பத்தில் முதுகுவலி என்று எழுதிவிட்டு, வீட்டில் குப்புறப் படுத்திருந்தார். திரும்பி வந்து, பார்த்து உட்கார்ந்தபோது, மேஜையில் அந்த நாட்களின் சீட்டுகள் இல்லை. பொறுப்பில் இருந்தவர் ஆடுகிற ஜன்னலுக்கு முட்டுக்கொடுக்க மடித்து வைத்ததாகவும், மழையில் போய்விட்டதாகவும் சொன்னார்கள். விசாரித்து நிரப்பலாம் என்று விட்டார். விட்டது விட்டதுதான்.

"அது ஏன் வெறுமையா இருக்கு?"

"சீட்டு இல்ல."

"இல்லாட்டி என்ன ஆகும்?"

"ஏழு நாளுக்கு மேல விடுபட்டா தொடர்ச்சி அறுந்துபோச்சுன்னு விதி. அதுக்கு அப்புறம் உள்ள வருஷங்களைத்தான் எண்ணுவாங்க."

ஸ்டோர் கீப்பர் விசிறுவதை நிறுத்தினார்.

"அந்த ஒன்பது நாளும் நான் வந்தேன் சார். ஒரு நாள்கூட..."

"தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"வீட்டுலதான் படுத்திருந்தேன். தினம் காலையில அஞ்சரைக்கு எங்க தெருவுல தண்ணி வந்துச்சு. டிரம்மு நிறையற சத்தம் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். உன் மோட்டார்தானே அது?"

"வேற யாரு போடுவா? நான்தான்."

நத்தை சார் பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தி, குறிப்புக்கான கட்டத்தில் எழுதினார்: சீட்டு கிடைக்கவில்லை. எழுத்தர் விடுப்பில் இருந்தார். தண்ணீர் வந்தது. படித்துப் பார்த்தபோது அவருக்கே நிறைவாக இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளில் காகிதம் இல்லாமல் ஒரு எழுத்தையும் அவர் ஏட்டில் ஏற்றியதில்லை. அது ஒன்றுதான் அவருடைய சொத்து.

மோட்டாரம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு கேட்டார்: "இதைப் படிச்சிட்டு ஒத்துக்குவாங்களா?"

ஸ்டோர் கீப்பர்தான் சொன்னார்: "ஒத்துக்கிறதா? விளக்கம் கேட்டு எழுதுவாங்க. விளக்கத்துக்கு விளக்கம் கேப்பாங்க. நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் ஓடும்."

"நீங்க ஆ போட மறந்ததுக்கு நான் வரலைன்னு ஆகிடுமா சார்?"

"மறக்கலம்மா. சீட்டு இல்லாம எப்படிப் போடறது? பொய்ப் பதிவு ஆயிடும்."

"எது பொய்? நான் வந்தது பொய்யா, தண்ணி வந்தது பொய்யா?" அவர் குரலை உயர்த்தவில்லை. மோட்டார் ஓடாத இடத்தில் பேச அவருக்கு அவ்வளவு சத்தம் போதுமாக இருந்தது. "உங்க கை சுத்தமா இருக்கணும்கிறதுக்காக என் பொழப்பு நாறணுமா? அந்தக் குப்பைத்தொட்டியை எந்த மூலையில வைக்கணும்னு யோசிச்ச நேரத்துல இதை யோசிச்சிருக்கலாம் நீங்க."

நத்தை சாரின் காதுகள் சூடாகின. இத்தனை பிரிவுகளில் இத்தனை மேலதிகாரிகள் கத்தியிருக்கிறார்கள். எல்லாம் நாற்காலியைப் பார்த்துக் கத்தியது. இது அவரைப் பார்த்துச் சொன்னது. ஸ்டோர் கீப்பர் எழுந்து, ஏதோ அவசரமாகத் தேட வேண்டியவர் போல அலமாரிக்குப் பின்னால் போனார்.

எழுதிய மூன்று வாக்கியங்களையும் நத்தை சார் அழித்தார். அழிப்பதற்கான விசையும் உதிர்ந்திருந்தது. குத்திக் குத்தி அழிக்க வேண்டியிருந்தது. பிறகு முதல் காலிக் கட்டத்துக்குப் போய் ஆ என்று அடித்தார். இரண்டாவதில் ஆ. மூன்றாவதில் ஆ இரண்டு முறை விழுந்தது; ஒன்றை எடுத்தார். ஒன்பதாவதை முடித்துச் சேமித்தபோது, அந்தப் பெட்டியின் தேதிப்படி, மோட்டாரம்மா வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருடமே அவை பதிவாகிவிட்டன. அதைச் சொல்லிச் சிரிக்க அவருக்குத் தெம்பு இல்லை. பென் டிரைவில் நகல் எடுத்தார். பூட்டை விட்டு வெளியே வந்த நகல் சாதாரணக் கறுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சிஸ்டம் மேடம் அச்செடுத்துக் கொடுத்தார். நூற்றிருபது பக்கங்கள். பதினொன்றே முக்காலுக்குப் பணியமைப்புப் பிரிவின் மேஜைக்கு முன்னால் நத்தை சார் நின்றார். வாங்குகிறவர் நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஆறாம் ஆண்டுக்கு அருகில் விரல் நின்றது. பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததால் நின்ற விரல் அது. பிரித்துவிட்டு மேலே போயிற்று.

"கடைசியில, மூலச் சீட்டுகளோட ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"சீட்டுகள்தான் போன வருஷம் தண்ணியில..."

"அது எனக்கு எதுக்கு சார்? வாசகம் இருக்கணும். இருந்தா வாங்குவேன்."

நத்தை சார் நீலப் பேனாவை எடுத்தார். ஒப்பிட்டுச் சரிபார்த்தேன் என்று எழுதினார். தன் முழுப் பெயரையும் பதவியையும் எழுதினார். முத்திரை விழுந்தது.

படிக்கட்டில் மோட்டாரம்மா காத்திருந்தார். "என்ன சார் சொன்னாங்க?"

"வாங்கிக்கிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"இப்போதைக்கு அவ்வளவுதான்."

அவர் நன்றி சொல்வாரோ என்று நத்தை சாருக்கு ஒரு பயம் இருந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, மாற்று ஆளுக்கு வால்வு திறக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனார்.

ஏழாவது வாரம் போன் வந்தது. பின்னால் மோட்டார் இரைச்சலில் பாதிதான் கேட்டது. "சத்தமாச் சொல்லும்மா" என்றார் நத்தை சார். உத்தரவு வந்துவிட்டதென்று மோட்டாரம்மா மூன்று முறை கத்தினார். மூன்றாவது முறை அது மூன்றாம் மாடி முழுவதற்கும் கேட்டது.

அன்று மதியமே, தணிக்கைப் பிரிவிலிருந்து அவர் பெயருக்கு ஒரு காக்கி உறை வந்தது. அதைப் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்துவிட்டு தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோதும் அது அங்கேயே இருந்தது. ஓரத்தைக் கிழித்தார். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன என்று எண்ணி அனுப்பச் சொல்லும் சுற்றறிக்கை. அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்து நாற்காலிகளை எண்ணத் தொடங்கினார்.